குறை கையிலா, குதிரையிலா?

வீணையில் சுருதி சேரவில்லை என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரும் உடனே புது வீணை பார்க்கக் கிளம்புவதில்லை. "மேளம் கட்டக் கொடுக்கணும்" என்பார்கள். தண்டியின் மேலிருக்கும் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து புதிதாக வார்த்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பதுதான் மேளம் கட்டுவது. 24 மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் இந்த அமைப்பு, 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பது மரபு. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெயிலில் மெழுகு இளகும், மெட்டு ஒரு நூல் நகரும், காந்தாரம் கோணும். மறுபடி மேளம் கட்டினால் அதே பலாமரம், அதே குடம், ஆனால் புது வீணை.

மாண்டலினுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதன் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை அல்ல, கட்டையில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கியவை. அதனால்தானோ என்னவோ, மாண்டலின் பழகி ஒன்றிரண்டு வருடமான பிள்ளைகள் "சார், இந்த மாண்டலின் சரியில்லை, வேற வாங்கலாமா?" என்று சீக்கிரமே கேட்டுவிடுகிறார்கள். பேராவூரணி மாதிரி ஊரில் இந்தக் கேள்வியின் கனம் கூடுதல். நாலைந்து மாண்டலினை வரிசையாக எடுத்து வாசித்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ போயாக வேண்டும். இல்லாவிட்டால் படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். தேங்காய் வெட்டில் வந்த காசை அப்படிப் போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் நல்லது: குறை கையில் இருக்கிறதா, சரிசெய்யக்கூடிய இடத்தில் இருக்கிறதா, கருவியின் கட்டுமானத்திலேயே இருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் நன்றாகவே உதவும். செலவும் இல்லை.

கைப்பேசியில் சுருதி காட்டும் டியூனர் செயலி ஒன்று போதும். அடுத்தடுத்த இரண்டு மெட்டுகளுக்கு நடுவிலுள்ள சுருதி இடைவெளியை நூறு கூறாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு சென்ட். பழகிய காது ஏறத்தாழ ஐந்து சென்ட் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒரு கம்பியைச் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டு, ஐந்தாம் மெட்டை அழுத்தி மீட்டி, செயலி காட்டும் எண்ணை எழுதுங்கள். கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தி எழுதுங்கள். பத்து முறை செய்த பிறகு எண்களைப் பாருங்கள். ஒரு தடவை 3, ஒரு தடவை 18, ஒரு தடவை 9 என்று சிதறினால் மாண்டலினைக் குறைசொல்ல முடியாது. கை ஒவ்வொரு முறையும் வேறு அழுத்தத்தில், மெட்டிலிருந்து வேறு தூரத்தில் விழுகிறது. பத்து முறையும் 14, 15, 13 என்று ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் கை தேறிவிட்டது, பிழை கருவியுடையது. ஆய்வுக்கூடத்தில் எந்த அளவுகோலையும் சோதிப்பது இப்படித்தான். சிதறும் பிழை அளப்பவருடையது, சாயும் பிழை அளவுகோலுடையது.

தொடக்கக்காரர்களின் எண்கள் பெரும்பாலும் சிதறத்தான் செய்யும். தேவைக்கு இரண்டு மடங்கு பலத்தில் அழுத்துவது, மெட்டை ஒட்டி அழுத்தாமல் இரண்டு மெட்டுக்கு நடுவே அழுத்துவது, அழுத்தும்போதே கம்பியைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிவிடுவது, எல்லாமே சுருதியை ஏற்றும். எண்கள் சிதறுகிற வரை எவ்வளவு விலையுயர்ந்த மாண்டலின் வந்தாலும் அதிலும் சிதறும். ஆகவே முதல் நிபந்தனை, எண்கள் ஒரே பக்கம் சாயத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் கடைப் பக்கம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. கம்பி விரல் இறங்காத உயரத்தில் இருந்தால் சிதறலுக்கும் கருவியே காரணமாக இருக்கலாம். அதற்கு வருகிறேன்.

பிழை சாய்கிறது என்று தெரிந்த பிறகு, அது எப்படிச் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, பன்னிரண்டு ஆகிய மெட்டுகளில் அளந்து ஒரு தாளில் எழுதினால் மாண்டலினின் ஜாதகம் கையில் வந்துவிடும்.

மேலே போகப் போகப் பிழை சீராக வளர்ந்தால் காரணம் குதிரை, அதாவது பிரிட்ஜ். மாண்டலினில் குதிரை ஒட்டப்படுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில் மேற்பலகை மீது சும்மா நிற்கிறது. பையில் இடிபட்டால், பஸ்ஸில் சாய்ந்தால், பார்சலில் புரண்டால் நகர்ந்துவிடும். நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளக்கட்டை. அந்த நட்டிலிருந்து குதிரை வரை அதிரும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இவ்வளவு குட்டையான கம்பியில் குதிரை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே பன்னிரண்டாம் மெட்டில் ஐந்து சென்ட் பிசகும். மூன்று மில்லிமீட்டர் நகர்ந்த மாண்டலினில் மேல்ஸ்தாயி எந்நாளும் சேராது. வாசிப்பவர் தன் காதையோ கருவியின் விலையையோ நொந்துகொண்டிருப்பார். சரிசெய்வது சுலபம். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டினால் மணியோசை போன்ற ஒரு சுருதி வரும். பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய சுருதி கூடுதலாக இருந்தால் குதிரையைக் கம்பி கட்டிய வால்பக்கம் நகர்த்த வேண்டும், குறைவாக இருந்தால் நட் பக்கம். கம்பிகளை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது, குதிரை விழுந்துவிடும். சற்றே தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் போதும்.

முதல் இரண்டு மூன்று மெட்டுகளில் மட்டும் சுருதி ஏறி, மேலே போனால் சரியாகிவிட்டால் குற்றவாளி நட். அதன் பள்ளங்கள் ஆழமாக அறுக்கப்படவில்லை. முதல் மெட்டு நட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். அந்தச் சின்ன இடைவெளியில் கம்பியைக் கீழே இறக்க அதை மடக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. தொடக்கக்காரர் அதிகம் வாசிப்பதோ அந்த முதல் மெட்டுகளில்தான். விரல் நுனி கன்றிப்போய், சுருதியும் சேராமல், இரண்டே மாதத்தில் மாண்டலின் பரணுக்குப் போவதற்கு இதுவே போதும். கிட்டார் பழுதுபார்ப்பவர் சின்ன அரத்தால் அரை மணியில் முடித்துவிடக்கூடிய வேலை இது. நாமே செய்வது நல்லதல்ல. ஒரு நூல் அதிகமாக அறுத்துவிட்டால் திறந்த கம்பி மெட்டில் பட்டு இரையும்.

கம்பியின் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கம்பியை மெட்டு வரை அழுத்தும்போது அது இம்மியளவு நீள்கிறது. நீண்டால் இழுவை கூடும், இழுவை கூடினால் சுருதி ஏறும். நீள்வது உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, உயரம் இரண்டு மடங்கானால் நீட்சி நான்கு மடங்கு. 440 அதிர்வெண்ணுக்குச் சேர்த்த ஒரு சாதாரண எஃகுக் கம்பி பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், அழுத்தும்போது சுருதி ஏறத்தாழ 15 சென்ட் ஏறும். குதிரையைக் கொஞ்சம் பின்னால் வைத்து அதை ஈடுகட்டிவிடலாம். உயரம் மூன்று மில்லிமீட்டரானால் ஏற்றம் 30 சென்டைத் தாண்டிவிடும், அதாவது அடுத்த மெட்டுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு. குதிரையைப் பின்னால் தள்ளி இதை ஈடுகட்டினால் கீழ்மெட்டுகள் கெடும். விலை குறைந்த மாண்டலின்கள் பெரும்பாலும் இந்த உயரத்தோடுதான் வீட்டுக்கு வருகின்றன. உயரமாக வைத்தால் எந்தக் கம்பியும் மெட்டில் பட்டு இரையாது, கடைக்குப் புகார் திரும்பி வராது. குதிரையின் இரு பக்கமும் உள்ள சிறு திருகுச் சக்கரங்களைச் சுற்றி உயரத்தை இறக்கலாம். இறக்கிய பிறகு ஒன்றிரண்டு மெட்டுகளில் இரைச்சல் வந்தால், மெட்டுகளைச் சமமாக ராவ வேண்டும் என்று அர்த்தம். இதுவும் பழுதுபார்ப்பவர் வேலை.

இத்தனையும் செய்தால் ஏறத்தாழ மேளம் கட்டியதற்குச் சமம். இதற்குப் பிறகும் தாளில் ஒரே ஒரு மெட்டு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால், உதாரணமாக ஆறும் எட்டும் சரியாக இருந்து ஏழு மட்டும் 12 சென்ட் தள்ளி நின்றால், அதைக் குதிரையும் தீர்க்காது, நட்டும் தீர்க்காது. மெட்டு தப்பான இடத்தில் இறங்கியிருக்கிறது. பன்னிரண்டாம் மெட்டுக்கு அருகில் அரை மில்லிமீட்டர் தப்பினாலே ஐந்து சென்ட் போய்விடும். மெட்டுகளின் இடத்தைக் கணக்கிடுவதில் மனிதர்கள் வெகுகாலம் தடுமாறியிருக்கிறார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் வாசித்தவர். மிச்சமிருக்கும் கம்பியில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி ஒவ்வொரு மெட்டையும் வை என்று 1581இல் அவர் எழுதிய விதி நல்ல குறுக்குவழி. ஆனால் பன்னிரண்டு மெட்டு போய்ச் சேர்ந்தால் ஸ்தாயி 12 சென்ட் குறையும். சரியான எண் 18 அல்ல, 17.817. இன்று இயந்திரம் அறுப்பதால் இந்தத் தவறு குறைவு. ஆனாலும் மலிவுச் சரக்கில் இன்னும் தென்படுகிறது. இப்படி ஒரு மாண்டலின் கையில் இருந்தால், தயங்காமல் வேறு வாங்கலாம்.

கழுத்து வளைந்துபோனதும் அதே வகை. எட்டுக் கம்பிகளின் இழுவையைக் கூட்டினால் 70, 80 கிலோ வரும். ஒரு நெல் மூட்டையின் கனம் இரவு பகலாக அந்த ஒல்லிக் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குதிரை வழியாக மேற்பலகையைக் கீழே அழுத்துகிறது. கழுத்துக்குள் சரிசெய்யும் இரும்புக் கம்பி இருந்தால் திருகி நேராக்கலாம். அது இல்லாத கழுத்து வில்லாக வளைந்துவிட்டாலோ, மேற்பலகை குதிரையின் கீழே குழிந்துவிட்டாலோ, அந்தக் கருவியின் மேல் மேற்கொண்டு செலவு செய்வது வீண்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு குறையும் உண்டு. சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு மோகனமோ கல்யாணியோ வாசிக்கும்போது அந்தர காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும், சுருதியோடு இழையாது. நல்ல காதுள்ள மாணவர் ஆறு மாதத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்துக் கருவியைத் திட்டுவார். ஆனால் எல்லா மாண்டலினும் இப்படித்தான். சட்ஜத்தோடு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் இழையும் காந்தாரம் 386 சென்ட். மாண்டலினின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிப்பவை, நான்காவது மெட்டு 400 சென்டில் நிற்கும். வித்தியாசம் 14. ஐயாயிரம் ரூபாய் மாண்டலினிலும் அதே 14, ஐந்து லட்சம் ரூபாய் மாண்டலினிலும் அதே 14. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறுமே தவிர இறங்காது என்பதால், அந்த மெட்டில் நின்றுகொண்டு இதைச் சரிசெய்ய வழியில்லை. கீழ்மெட்டிலிருந்து இழுத்துக் காந்தாரத்தை எட்ட வேண்டும். கர்நாடக சங்கீதம் வாசிக்கும் மாண்டலின் கலைஞர்கள் மெட்டை அப்படியே அழுத்தி விடாமல் இழுப்பிலும் ஜாருவிலும் ஸ்வரத்தைப் பிடிப்பதற்கு அழகு ஒரு காரணம், இந்த 14 சென்ட் இன்னொரு காரணம். வீணைக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு, மெழுகில் பதிக்கும்போதே மெட்டைக் காது கேட்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஊரின் காற்றுக்கு வருவோம். பேராவூரணி கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. கிழக்கே கொஞ்ச தூரத்தில் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் என்று பாக் நீரிணைக் கடற்கரை. தோப்பு ஈரம், வயல் ஈரம், அதோடு உப்புக் காற்று. எஃகுக் கம்பிக்கு இதைவிட மோசமான அண்டை வீடு வேண்டியதில்லை. துருவும் விரல் வியர்வையும் கம்பியில் ஓரிடத்தில் ஒட்டி ஓரிடத்தில் ஒட்டாமல் இருந்தால், கம்பியின் எடை நீளம் முழுவதும் ஒரே சீராக இருக்காது. எடை சீராக இல்லாத கம்பியின் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு முழு எண் விகிதத்தில் நிற்கா. அப்படிப்பட்ட கம்பியை எவ்வளவு திருகினாலும் சுருதி சேர்ந்தது போலவும் இருக்கும், சேராதது போலவும் இருக்கும். செயலியின் முள்ளும் ஓரிடத்தில் நிற்காது. ஆகவே நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாமே புதுக் கம்பி போட்ட பிறகு செய்ய வேண்டியவை. "மாண்டலின் மங்கிப்போச்சு" என்று சொல்லும் பலருக்கு ஒரு செட் கம்பியே மருந்து. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் அடுத்த செட் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

ஈரம் மரத்தையும் விடுவதில்லை. மரம் ஈரத்தைக் குடித்தால் நார் ஓடும் திசையில் நீள்வது சொற்பம், நாருக்குக் குறுக்கே அகல்வது அதிகம். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள முழுமரப் பலகை, கோடையிலிருந்து ஐப்பசி அடைமழைக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகலப் பார்க்கும். ஓரங்கள் பக்கப் பலகையோடு ஒட்டியிருப்பதால் அகல இடமில்லாமல் நடுவில் உப்பும். மேற்பலகை உப்பினால் குதிரை உயரும், குதிரை உயர்ந்தால் கம்பி உயரும், கம்பி உயர்ந்தால் மேலே சொன்ன வர்க்கக் கணக்கு வேலையைக் காட்டும். பங்குனியில் எல்லாம் திரும்ப இறங்கிவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் மாண்டலினின் மேல் தீர்ப்பு எழுத வேண்டாம். தை பிறக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கக்கார மாண்டலின்களின் மேற்பலகை பெரும்பாலும் பிளைவுட். மெல்லிய தகடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியது. ஒரு தகடு அகலப் பார்த்தால் அடுத்த தகடு பிடித்து நிறுத்திவிடும். கடலோர ஊருக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் ஓசைக்கு அதுவே பாதகம். நல்ல மாண்டலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரம். எடை குறைவு, ஆனால் நார் வழியே மிகுந்த விறைப்பு, குறுக்கே வளைப்பதைவிட நார் வழியே வளைப்பது பத்து மடங்குக்கு மேல் கடினம். எடை குறைந்த விறைப்பான பலகை, கம்பி கொடுக்கும் சொற்ப ஆற்றலை அதிகமாக ஓசையாக மாற்றுகிறது. பிளைவுட்டில் அந்தத் திசை வேறுபாடு மழுங்கிப்போகிறது, ஒட்டும் பசை வேறு அதிர்வைத் தின்கிறது. மெதுவாக மீட்டினாலும் பலமாக மீட்டினாலும் ஓசை ஒரே மட்டத்தில் நிற்பது போலத் தோன்றுவது இதனால்தான். ஆக, முழு ஸ்ப்ரூஸ் மேற்பலகைக்கு மாறினால் நல்ல நாதம் வரும், கூடவே பருவத்துக்குப் பருவம் குதிரையின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் வரும். இரண்டாவதைச் செய்ய மனமில்லாதவர் பிளைவுட்டிலேயே இருப்பது புத்திசாலித்தனம்.

மேற்பலகைக்குத் தரும் மரியாதையை அடிப்பலகைக்கும் தர வேண்டுமா? விலைப்பட்டியலில் எண்கள் எகிறுவது பல நேரம் பின்பக்கத்து அரிய மரத்தால்தான். பிரிட்டனில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பின்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களைச் செய்து, 52 கிட்டார் கலைஞர்களிடம் எந்த மரம் என்று தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மாண்டலின் வேறு கருவிதான், ஆனாலும் பின்பக்கத்து அழகுக்குப் பணம் கொடுக்குமுன் இந்த முடிவை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

இன்னும் பிரபலமானது வயலின் சோதனை. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் 21 வயலின் கலைஞர்களுக்கு இருட்டடிக்கும் கண்ணாடி மாட்டி, மூன்று புது வயலின்களையும் மூன்று பழம்பெரும் இத்தாலிய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்தார்கள். எதை வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள் என்று கேட்டபோது பழையதைத் தேர்ந்தெடுத்தவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. மொத்தத்தில் மிகக் குறைவான ஆதரவு பெற்றது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். விலையும் பெயரும் கண் வழியாகக் காதுக்குள் நுழைந்துவிடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடத் தேவையில்லை. கடையில் மாண்டலின் பார்க்கும்போது, கூட வந்தவரைக் கருவிகளை மாற்றி மாற்றிக் கையில் கொடுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இதே சோதனையை வீட்டிலும் தலைகீழாகச் செய்யலாம். உங்கள் மாண்டலினை ஆசிரியர் கையில் கொடுத்து, நீங்கள் வாசித்த அதே வர்ணத்தை வாசிக்கச் சொல்லி, இரண்டையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் கையில் அது பாடினால் உங்களுக்கு இன்னும் அந்த மாண்டலினில் வேலை மிச்சம் இருக்கிறது. அவரும் முகத்தைச் சுளித்து, "தம்பி, இதுல இதுக்கு மேல வராதுப்பா" என்றால் அது நம்பத் தகுந்த தீர்ப்பு.

எந்தக் கட்டத்தில் கருவியை மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு நம் சங்கீதத்திலேயே மிகத் தெளிவான உதாரணம் யு. ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து, ஆறு வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கியவர். தந்தை சத்தியநாராயணா கிளாரினெட் கலைஞர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதை மாண்டலினில் கொண்டுவர வேண்டும். கேட்கும் பாட்டில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, இருக்கிறது, கையிலிருக்கும் கருவியிலோ கமகத்துக்கு இரண்டு பெரிய தடைகள்.

முதலாவது, ஜோடிக் கம்பிகள். மாண்டலினில் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக ஒரே சுருதிக்குச் சேர்க்கப்படுகின்றன. நேராக மீட்டும்போது அந்த இரட்டைதான் மாண்டலினின் மினுமினுப்பு. ஆனால் இரண்டையும் ஒரே விரலால் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு நீளா. 440 அதிர்வெண்ணுக்கு அருகில் பத்து சென்ட் வித்தியாசம் வந்தாலே ஓசை நொடிக்கு இரண்டரை முறை ஏறி இறங்கி அலையடிக்கும். கமகத்தின் அசைவோடு இந்த அலையும் சேர்ந்துகொண்டால் காதுக்குத் தெளிவு போய்விடும். இரண்டாவது, ஓசை தங்குவதில்லை. குட்டைக் கம்பி, லேசான உடல். மீட்டிய ஆற்றல் விரைவில் காற்றில் கலந்து கரைந்துவிடும். ஐரோப்பியர்கள் இதைச் சமாளிக்க ஒரே சுரத்தைப் படபடவென்று மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நீண்டு அசையும் ஒரு காந்தாரத்தை அப்படிப் படபடத்தால் அது காந்தாரமாகவே இருக்காது.

ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு வந்தார், மின்சார மாண்டலினுக்கு மாறினார். மின் மாண்டலினில் கம்பியின் கீழே காந்தமும் அதைச் சுற்றிய தாமிரச் சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அசைந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். மேற்பலகை காற்றை உதைத்து ஓசை எழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லாததால் உடல் கனமாக, கட்டையாக இருக்கலாம். கம்பியின் ஆற்றலை உடல் வேகமாகக் குடிக்காது, சுரம் நீண்டு நிற்கும். 1978இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் அரங்கேறிய சிறுவன், 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார், 1998இல் பத்மஸ்ரீ பெற்றார். 2014 செப்டம்பர் 19இல் நாற்பத்தைந்து வயதில் மறைந்தார். அவர் கருவியை மாற்றிய விதத்தில் நான் வியப்பது, "இன்னும் நல்லது" என்று தேடாமல், இந்த இசைக்கு இந்தக் கருவியில் எது தடை என்று பெயர் சொல்லித் தேடியது.

உலகச் சந்தையில் மாண்டலினின் சிகரம் என்றால் அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தில் லாய்ட் லோர் என்பவர் வடிவமைத்து 1922இல் வெளிவந்த எஃப்-5. 1923இல் அவர் கையெழுத்திட்ட ஒன்றை அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்ரோ, ஃப்ளோரிடாவின் மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார். ப்ளூகிராஸ் என்னும் இசைவகையே அந்த மாண்டலினைச் சுற்றி வளர்ந்தது. லோர் கையெழுத்திட்ட மாண்டலின்கள் இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. கீர்த்தனை வாசிக்கும் பேராவூரணி மாணவருக்கு அப்படியொன்று இனாமாகக் கிடைத்தாலும் தோடியில் பெரிதாக உதவாது. ஜோடிக் கம்பி, சட்டென்று அறுபடும் ஓசை, இரண்டுமே அதில் குறையல்ல, அந்த இசைக்கான குணங்கள். சினிமாப் பாட்டு வாசிக்க விரும்புபவருக்கோ நேர்மாறு. பழைய பாடல்களின் இடையிசையில் கேட்கும் அந்தச் சலசலப்பு ஜோடிக் கம்பியின் சலசலப்பு. அதை மின் மாண்டலினில் தேடினால் கிடைக்காது.

எது வேண்டும் என்று தெரியாமல் பணம் போடுவதற்குப் பதில், பழைய மாண்டலினிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கம்பியை மட்டும் கழற்றிவிடுங்கள். நான்கு ஒற்றைக் கம்பிகள் மிஞ்சும். இழுவை பாதியாகும், கழுத்தும் மேற்பலகையும் கொஞ்சம் இளைப்பாறும். குதிரையின் உயரத்தை மறுபடி பார்த்து, கம்பிகளை ஒன்றிரண்டு மெட்டு இறக்கிச் சேர்த்துக்கொண்டால் இழுப்பது இன்னும் சுலபம். ஓசை குறையும், அது பரவாயில்லை. இரண்டு மூன்று வாரம் தோடியின் காந்தாரத்தையும் பைரவியின் நிஷாதத்தையும் அதில் இழுத்து வாசியுங்கள். அசைவு முடிவதற்குள் சுரம் செத்துவிடுகிறதே என்று கை தவித்தால் தேட வேண்டியது ஐந்து கம்பி மின் மாண்டலின். அதில் மரத்தைப் பற்றி அதிகம் விசாரிக்க வேண்டாம், மெட்டுகளையும் பிரடைகளையும் ஒலி எடுக்கும் சுருளையும் பாருங்கள். அதற்கு ஒரு பெருக்கியும் வேண்டும், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோடியின் மினுமினுப்பு இல்லாமல் வாசிப்பே பிடிக்கவில்லை என்றால் முழு ஸ்ப்ரூஸ் மேற்பலகையும் கழுத்துக்குள் இரும்புக் கம்பியும் உள்ள எட்டுக் கம்பி மாண்டலினைத் தேடுங்கள். அதைத் தை மாதத்துக்குப் பிறகு, சுருதிச் செயலியோடு போய் வாங்குங்கள்.